ஒன்பது புள்ளடிகள்

புஷ்பராணி அக்கா இங்கிலீஷ் படித்த கதையைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தவர்கள்தான். டுசல்டோர்ஃபில் ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ்ச் சலவை அறையில் முப்பது வருடமாகப் படுக்கைவிரிப்பு மடித்த மனுசி. ஜெர்மன் மொழியில் வந்த கடிதத்தை மகன் வாசித்துச் சொன்னால்தான் உண்டு. அப்படிப்பட்டவர் ஐம்பத்துமூன்று வயதில் இங்கிலீஷ் படிக்க வெளிக்கிட்டால் வேறென்ன செய்வது? "இருக்கிற வீட்டுப் பாஷை தெரியாது, அயல் வீட்டுப் பாஷை படிக்கினமாம்" என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். அதே சலவை அறையில் அவருக்குப் பக்கத்து மேசை எனக்கு.

காரணம் ரொறன்ரோவில் இருந்தது. தங்கச்சி சுகன்யாதேவியை அவர் கடைசியாகப் பார்த்தது தொண்ணூறாம் ஆண்டு, கொழும்பில். ஒருத்தி இங்கே வந்தாள், மற்றவள் கனடாவுக்குப் போனாள். பிறகு போரும் கடனும் பிள்ளைகளும் என்று முப்பது வருடம் போய்விட்டது. ஒருநாள் வீடியோவில் தங்கச்சியின் பேத்தி ஏதோ கேட்டதாம். அக்காவுக்கு விளங்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாராம். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டதாம்.

"அது என்னை விசரி எண்டு நினைச்சிருக்கும் பாமா" என்றார். "போகேக்கை அதோட நாலு வசனமாவது கதைக்க வேணும்."

பழைய சாமான் சந்தையில் ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்தார். இங்கிலீஷ் சொற்களை வேர், முன்னொட்டு, பின்னொட்டு என்று பிரித்து விளக்கும் புத்தகம். மற்றவர்கள் நாலு வசனம் பாடமாக்குவார்கள். இவருக்கு அது சரிவரவில்லை. ஊரில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்து, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த வருடத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர். சொல்லையும் ஒரு கணக்காகத்தான் பார்த்தார். சவர்க்காரத் தூள் வரும் மட்டைப்பெட்டியை உள்ளங்கை அளவில் வெட்டி, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் அதன் துண்டுகளும் தமிழில் பொருளும் எழுதுவார். மேற்சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு கட்டு இருக்கும்.

"போர்ட் எண்டா சுமக்கிறது. ட்ரான்ஸ் எண்டா அங்கால. அங்கால சுமந்துகொண்டு போனா ட்ரான்ஸ்போர்ட். உள்ளுக்குச் சுமந்தா இம்போர்ட். ஒரு வேர் பிடிச்சா பத்துச் சொல் கையில வரும் பிள்ளை" என்பார். இஸ்திரி இயந்திரத்தின் ஆவிக்கு நடுவில் நின்று, "ஏபிள் எண்டு முடிஞ்சா ஏலும். முன்னுக்கு இன் வந்திட்டா ஏலாது" என்று எனக்கே பாடம் நடத்தினார். திருப்பிப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அட்டையில் திகதி போடுவார். நினைவிருந்தால் ஒரு சரி; மறந்திருந்தால் ஒரு புள்ளடி.

இனி மகன் ஆரூரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகப்பன் வேளைக்கே இறந்துபோனார். எட்டு வயதிலிருந்து தாய்க்கு அவன்தான் மொழிபெயர்ப்பாளன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான் இது. வெளிநாட்டவர் அலுவலகமோ வைத்தியரோ, டெர்மின் என்று நேரம் குறித்த எந்தச் சந்திப்புக்கும் பள்ளிப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போவோம். நானும் என் மகளைக் கூட்டிப்போனேன். பிள்ளையின் வாயில் எவ்வளவு பெரிய பாரத்தை வைக்கிறோம் என்று ஒருவரும் யோசித்ததில்லை. நாலாம் வகுப்பில் அவனது ஆசிரியை முகம் சிவக்கச் சிவக்கப் பத்து நிமிடம் பேசியிருக்கிறார். இவன் தாய் பக்கம் திரும்பி, "நான் நல்லாப் படிக்கிறனாம்" என்றானாம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "அந்த மனுசியின்ர முகத்தைப் பாத்தாத் தெரியாதே? எண்டாலும் பாவம், பிள்ளை பயந்துபோச்சு எண்டு விட்டுட்டன்" என்பார். அன்றே காதைப் பிடித்துத் திருகியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது ஆத்திரம் வருகிறது.

போன வருடம் மார்ச் மாதம் வயிற்றுநோவு என்று சோதனைகள் செய்தார்கள். ஆரூரன் இப்போது முப்பத்திரண்டு வயது எஞ்சினியர். லீவு எடுத்துக்கொண்டு தாயோடு போனான். வைத்தியர் அரைமணி நேரம் பேசினார். மகன் தாயிடம் சொன்னது ஒரு வசனம்: "சின்னக் கட்டியாம் அம்மா, மருந்தோட கரைஞ்சிடுமாம்."

குடும்ப வைத்தியரிடம் கொடுக்கச் சொல்லி ஒட்டிய உறை ஒன்றைத் தந்துவிட்டிருந்தார்கள். மறுநாள் மகனுக்கு வேலை. உறை அக்காவின் கைப்பையில் சலவை அறைக்கு வந்தது. இஸ்திரி ஆவியில் அதைப் பிடித்தார், பசை விட்டுக்கொடுத்தது.

கடிதம் ஜெர்மன்தான். ஆனால் வைத்தியர்கள் எழுதும் பெரிய சொற்கள் ஜெர்மனும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. எல்லாம் அவருடைய தடித்த புத்தகத்தில் இருந்த அதே பழைய லத்தீனும் கிரேக்கமும். அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அவர் துண்டு துண்டாகப் பிரித்தார். ஹெபாட் என்றால் ஈரல். மெற்றா, இடம் மாறி. ஸ்டாசிஸ், நிற்பது. புற்று ஈரல்வரை போய்விட்டது என்று எனக்கே விளங்கியது. இன்னொப்பராபல் என்ற சொல்லில் விரலை வைத்தார்.

"முன்னுக்கு இன் நிக்குது பாமா. வெட்டேலாது" என்றார். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

பாலியாட்டிவ் என்ற சொல் மட்டும் அட்டையில் இல்லை. மதியத்துக்குச் சாப்பிட எடுத்த பாணை அப்படியே வைத்துவிட்டு, புத்தகத்தில் தேடினார். போர்வை என்ற வேரிலிருந்து வந்ததாம். நோயை மாற்றாமல் நோவை மட்டும் போர்த்துவது. புது அட்டை ஒன்று வெட்டி, அழகான எழுத்தில் எழுதி, திகதி போட்டார். பிறகு உறையைத் திரும்ப ஒட்டினார். எனக்குத்தான் அழுகை வந்தது.

"ஆரூரனிட்டைக் கேளுங்கோ அக்கா" என்றேன்.

"நான் கேட்டா அவன் பொய் சொன்னவன் எண்டு ஆகிடுமே. அவன்ர வாயால சொல்லட்டும். அவன் சொல்லுவான். நீ வாய் திறக்கிறேல்லை." என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார்.

அதன் பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ரொறன்ரோ. மருந்து ஏற்றத் தொடங்குமுன் பத்து நாள் போய்வரலாமா என்று வைத்தியரிடம் கேட்கச் சொன்னார். மகன் கேட்டானோ, இல்லை வேறெதுவும் கேட்டானோ, வைத்தியர் அக்காவைப் பார்த்துத் தலையாட்டி, இரண்டு தரம் "ஜெட்ஸ்ட்" என்றார். சலவை அறையில் முப்பது வருடம் கேட்ட சொல் அது. இப்போதே செய் என்றுதான் மேலாளர் எப்போதும் சொல்வார். ஆரூரன் திரும்பி, "இப்ப வேண்டாமாம் அம்மா. மருந்து முடியட்டுமாம். வாற சம்மர் நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றான்.

வாற சம்மர் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் கெட்டவன் இல்லை. மருந்தை ஒருநாள் பிந்தினாலும் தாய் ஒருநாள் முந்திப் போய்விடுவா என்று பயந்தான். மிச்சமிருந்த நாளெல்லாம் தனக்கே வேண்டும் என்று நினைத்தான். அன்பு என்று சொன்னாலும் அது ஒரு களவுதான்.

மூன்று கிழமைக்கு ஒருதரம் டெர்மின். மறுநாள் வேலைக்கு வந்தால் அக்கா அந்தப் பாலியாட்டிவ் அட்டையை எடுப்பார், திகதி போடுவார், பக்கத்தில் புள்ளடி போடுவார். பிறகு வேலைக்கு வர முடியாமல் போனது. நான் வீட்டுக்குப் போவேன். அங்கேயும் தலையணைக்குக் கீழே அந்த அட்டை இருந்தது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தச் சொல்லையோ மறக்கிறியள்?" என்று கேட்டேன்.

"நான் மறக்கேல்லை. அவன் சொல்லேல்லை" என்றார்.

செப்டெம்பரில் நுரையீரலில் தண்ணீர் கோர்த்தது. இனி விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதை மட்டும் ஆரூரன் சரியாக மொழிபெயர்த்தான். அன்றிரவு அக்கா தங்கச்சியின் பேத்தியோடு வீடியோவில் இங்கிலீஷில் பேசினார். நாலு வசனம் இல்லை, பன்னிரண்டு வசனம், நான் எண்ணினேன். எப்போது வருகிறாய் என்று பிள்ளை கேட்டது. சம்மரில் என்றார். ஒக்டோபர் முடியுமுன் போய்விட்டார்.

சத்தியத்தை நான் காப்பாற்றினேன். ஏப்ரலில் அதை உடைத்திருந்தால் அக்கா தங்கச்சியைப் பார்த்திருப்பார். சத்தியம், மானம், பிள்ளையின் மனம் என்று மூன்று பேருமாகச் சேர்ந்து பொத்திப் பொத்தி வைத்து, ஒரு மனுசியின் கடைசி ஆசையைக் கொன்றுபோட்டோம்.

தகனச்சாலை மண்டபத்தில் ஆரூரன் வாசலில் நின்றான். மேசையில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் தங்கச்சி சுகன்யாதேவி அழுதுகொண்டிருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஆரூரன் ஒரே வசனத்தைச் சொன்னான்: "அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் ஒண்டும் தெரியாது. நிம்மதியாப் போட்டா." எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். நல்ல பிள்ளை, தாய்க்கு ஒரு கவலை வைக்கவில்லை என்றார்கள். ஐந்தாவது ஆளுக்குச் சொல்லும்வரை பொறுத்தேன். அதற்குமேல் ஏலவில்லை.

அக்காவின் தலையணைக்குக் கீழிருந்து எடுத்து வைத்திருந்த அட்டையை அவன் கையில் வைத்தேன்.

முன்பக்கம் பார்த்தான், திருப்பினான். தாயின் எழுத்து. போர்வை என்ற சொல்லுக்குக் கீழே மார்ச் பதினான்கு என்று இருந்தது. அதற்குக் கீழே வரிசையாக ஒன்பது திகதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளடி. ஒவ்வொரு திகதிக்கும் முதல்நாள் காரில் தாயை வைத்தியரிடம் கூட்டிப்போனவன் அவன்தான்.

"பாமா அன்ரி, இந்தப் புள்ளடியெல்லாம் என்ன?"

அம்மா மறந்த நாள்கள் என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பொய்தான், எனக்கும் வரும்.

"நீ சொல்லாத நாள்கள் தம்பி" என்றேன்.