ரோதைமுனிக்கு உயிர் எத்தனை

வெள்ளிக்கிழமை காலை 5.40. கேகாலை பஸ் ஸ்டாண்டில் அவிசாவளை பஸ் ஏறினோம். நானும் நஸீமாவும். போகிற இடம் றக்வானை. போகிற காரணம் ஒரு புத்தகத்தில் நான்கு பக்கம்.

புத்தகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கதை ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக இருப்போம். ஒருத்தி வைத்தியர், ஒருத்தி திருடி. பூதம் எதிரே வந்தால் என்ன செய்கிறாய் என்று கேட்பார். சொல்ல வேண்டும். சொன்னது நடந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். எங்கள் ரப்பர் தோட்டத்து வாசிப்பு அறையில் ஞாயிறு பகலில் ஆடுகிறோம். நான் ரப்பர் பால் வெட்டுகிறவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆட்டத்தில் நான் வாள் எடுத்த வீராங்கனை.

கதை சொல்கிறவர் மேகலா டீச்சர். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். அவரும் வெளிநாட்டு ஆட்கள் சிலரும் சேர்ந்து இந்த ஆட்டத்துக்குப் பெரிய புத்தகம் எழுதுகிறார்கள். அறுநூறு பக்கம். உலகத்துச் சாமிகள், பூதங்கள், அரக்கர்கள், அவர்களுடைய கதைகள். நானூறு பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் எண்கள் உண்டு. பலம் எத்தனை, வேகம் எத்தனை, உயிர் எத்தனை. உயிர் என்பது எத்தனை அடி தாங்குவார் என்ற கணக்கு. அது முடிந்தால் அவர் செத்தார்.

அதில் நான்கு பக்கத்தைத் தோட்டத்துச் சாமிகளுக்கு என்று ஒதுக்கி, என்னை எழுதச் சொன்னார் டீச்சர். மூன்று மாதம் கொப்பியில் எழுதினேன். பெரிய ஆள் ரோதைமுனி. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே கொழுந்தை உருட்டிக் கசக்குகிற ரோலர்களை ஓட்டிய பெரிய சக்கரம்தான் ரோதை. அதில் இருக்கிற முனி அவர். வேலை செய்கிறவர்களின் கையைக் காப்பது அவர் பொறுப்பு. நான் பிறந்த றக்வானைத் தோட்டத்தில் இன்றும் அவருக்கு விளக்கு எரிகிறது. பலம் 20, வேகம் 18, உயிர் 90 என்று போட்டேன். தாராளமாகத்தான் போட்டேன் என்று நினைப்பு.

டீச்சரிடம் ஒரு சட்டம் இருக்கிறது. கும்பிட ஆள் இல்லாத சாமியை அப்படியே எழுதலாம். விளக்கு எரிகிற சாமி என்றால் விளக்கு வைக்கிறவரிடம் கேட்டு வர வேண்டும். போனில் கேட்டால் செல்லாது. திங்கள் மாலை புத்தகத்தை மூடுகிறார்கள். சம்மதம் வராவிட்டால் அந்த நான்கு பக்கமும் வேறொரு நாட்டுத் தண்ணீர்ப் பூதங்களுக்குப் போகும். அவை எழுதி முடித்துத் தயாராக இருக்கின்றன. என் பெயர் அச்சில் வருவதும் வராததும் அந்த நான்கு பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நஸீமா மாவனல்லைக்காரி. அவளுடைய வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. புத்தகத்துக்குப் படம் வரைகிறாள். முனி எப்படி இருப்பார் என்று பார்க்க வந்தாள்.

காலை 8.10. அவிசாவளை. டிக்கட் ஆளுக்கு 190 ரூபாய். பிளேன்டீ, பனிஸ். இரத்தினபுரி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நாற்பத்திமூன்று கிலோமீற்றர். நஸீமா கொப்பியைத் திறந்து பத்துத் தலை அரக்கன் ஒருவனுக்கு நிழல் போட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா வெகுநேரம் எட்டிப் பார்த்தார். பிறகு விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். ஆறாவது தலைக்கு ஒரு காது இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். நஸீமா பார்த்தாள். இல்லைதான். போட்டாள். அந்த அம்மா திருப்தியாகி ஒரு தோடம்பழம் கொடுத்து, குருவிட்டையில் இறங்கிப் போனார்.

காலை 10.30. இரத்தினபுரி. வெயில் ஈரமாக இருந்தது. ஸ்டாண்டுக்கு வெளியே நாலு பேர் உள்ளங்கையில் கல் வைத்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் கல் வாங்குகிற ஆட்கள் இல்லை என்று பார்த்தவுடன் அவர்களுக்குத் தெரிந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.

றக்வானை பஸ் 11.05க்கு. பெல்மதுளை, கஹவத்தை தாண்டும் வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மலை. வளைவுக்கு வளைவு. கொண்டக்டர் கம்பியில் வாந்திக்கென்று ஒரு கட்டு சிலிசிலிப் பை தொங்கவிட்டிருந்தார். நஸீமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார்.

"எனக்கு வேணாம்" என்றாள் நஸீமா.

"வச்சுக்கங்க தங்கச்சி. இது டிக்கட்டோட சேந்தது" என்றார், தமிழில்.

அடுத்த மூன்றாவது வளைவில் வேண்டியிருந்தது.

பகல் 1.15. றக்வானை. அங்கிருந்து தோட்டம் ஆறு கிலோமீற்றர். திரீவீல் 800 ரூபாய். அண்ணன் சிவா, அவர்கள் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் நின்றார். சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தது. நஸீமாவுக்கென்று முட்டை அவித்து வைத்திருந்தார் அண்ணி. சாப்பிட்டோம்.

"என்னா திடீர்னு?" என்றார் அண்ணன்.

"முனியப் பத்தி எழுதியிருக்கேன். கேக்க வந்தேன்."

"யார்கிட்ட? கணேசன்கிட்டயா?" அண்ணன் சிரித்தார். "போ. நல்லா வாங்கிக் கட்டிக்க."

மாலை 4.00. கணேசன் மாமா ஸ்டோரில் ரோலர் வேலை. எனக்கு முறைக்கு மாமா. விளக்கு வைக்கிறவர் அவர்தான். இடது கையில் இரண்டு விரல் இல்லை. ஸ்டோருக்குப் பின்னால் கூட்டிப் போனார். இப்போது எல்லாம் மோட்டார். பழைய ரோதையைக் கழற்றி மரத்தடியில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல், சுற்றிலும் பல், வெறும் இரும்பு. நடுவில் குங்குமம். அடியில் ஒரு சூலம், ஒரு விளக்கு. காலையில் ரோலர் போடுவதற்கு முன்னால், வாடின கொழுந்தில் முதல் கைப்பிடியை இந்த ரோதைக்குப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவிட்ச்.

நஸீமா செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றாள்.

"சாமிக்கு மொகம் எப்பிடி மாமா ஈக்கும்?" என்று கேட்டாள்.

"மொகம் எனக்குத் தெரியாதும்மா. பல்லுதான் தெரியும்." இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

நஸீமா ஓர் அடி பின்னால் போனாள். அவரே சிரித்தார். "பயப்படாதீங்க. கை நீட்டினது நான். தூக்கக் கலக்கம். அது எடுத்தது ரெண்டு. விட்டது எட்டு. எட்டுக்குத்தான் தெனமும் வெளக்கு."

நான் கொப்பியைப் பிரித்து வாசித்தேன். கதை சரி என்றார். கைப்பிடிக் கொழுந்து சரி என்றார். ஓர் இடத்தில் தலையைக்கூட ஆட்டினார். எண்களுக்கு வந்தேன். பலம் இருபதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. உயிர் தொண்ணூறு என்றவுடன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது என்னா தொண்ணூறு?"

"தொண்ணூறு அடி தாங்குவாரு மாமா."

"தொண்ணூத்தி ஒண்ணாவது அடி விழுந்தா?"

நான் கொப்பியைப் பார்த்தேன்.

"சொல்லு ராஜி. விழுந்தா?"

"ஆட்டத்துல செத்துருவாரு."

மாமா விளக்குத் திரியைச் சரி செய்தார். கோபமாகப் பேசவில்லை. "ஒங்கப்பனும் இந்த ரோலர்லதான் நின்னான். பத்து வெரலோட போய்ச் சேந்தான். அதுக்கு நீ போட்ட வெல தொண்ணூறா?"

"நூத்தம்பது போடவா?" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மாமா எழுந்து போனார். போகும்போது, "காலையில அஞ்சரைக்கு வா. நான் என்னா சொல்றது. அவர்கிட்டயே கேட்டுருவோம்" என்றார்.

இரவு அண்ணன் வீட்டில் படுத்தோம். நஸீமா கேட்டாள், "இல்லன்னு சென்னா என்னக்கா செய்யுற?"

"தண்ணிப் பூதத்துக்கு நாலு பக்கம் கூட வரும்."

"அந்தப் பூதங்களுக்கு நான் படம் வரைய மாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை 5.30. பனி. ஸ்டோருக்குள் கொழுந்து வாடின வாசம். மாமா குளித்துத் திருநீறு பூசி நின்றார். பூக்கேட்பது இங்கே புதிதில்லை. கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கொழும்புக்கு வேலைக்குப் போகக் கேட்பார்கள். தேயிலைச் சாம்பிள் அனுப்புகிற காகிதத்தில் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை. ஒன்றில் சிவப்புச் செவ்வரத்தை இதழ். ஒரே அளவு, ஒரே மடிப்பு. வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் இல்லை. கேள்வி என்ன என்று தெரியாத ஆள்தான் எடுக்க வேண்டும். அதற்கென்றே ஓர் ஆள் இருந்தார், ஸ்டோர் எலக்ட்ரீசியன் பண்டா. மாமா கூப்பிட்டவுடன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆயெத்?" என்றார். மறுபடியுமா என்று அர்த்தம்.

"ஆயெத்" என்றார் மாமா.

ரோதைக்கு முன்னால் நான் கேள்வியைச் சொல்ல வேண்டும், சத்தமில்லாமல். உயிர் தொண்ணூறு என்று எழுதிப் புத்தகத்தில் போடலாமா என்று கேட்டேன்.

பண்டா எடுத்தார். மாமா பிரித்தார். சிவப்பு.

நான் கொப்பியை மூடினேன். வந்த பாதை முழுவதும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். நஸீமா நகரவில்லை.

"மாமா, ஒரு கேள்விதான் கேக்கலாமா?"

"கேட்டதையே திருப்பிக் கேக்கக் கூடாது. அது அவரோட வெளையாடுறது" என்றார் மாமா. கொஞ்சம் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "வேற கேள்வின்னா வேற."

மாமா என்ன சொல்கிறார் என்று எனக்குப் பிறகுதான் ஏறியது. முனி தன்னை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் எழுதியதில் ஒரு வரியை வேண்டாம் என்றிருக்கிறார்.

பொட்டலங்களைப் புதிதாக மடித்தார் மாமா. பண்டா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவருக்கு எல்லாம் பழக்கம். நான் கேட்டேன். உயிர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விடுகிறேன், புத்தகத்தில் வருவீர்களா.

பண்டா எடுத்தார். மாமா கொஞ்சம் மெதுவாகப் பிரித்தார். வெள்ளை.

மாமா வாடின கொழுந்தில் ஒரு கைப்பிடி எடுத்து ரோதைக்குப் போட்டார். உள்ளே போனார். சுவிட்ச் போட்ட சத்தம் கேட்டது. ரோலர் சுற்ற ஆரம்பித்தது. நஸீமா ஈரப் புல்லில் உட்கார்ந்து வரைந்தாள். முகம் வரையவில்லை. சக்கரம், அதன் பற்கள், அதற்கு முன்னால் விரித்த இரண்டு கை. எட்டு விரல்.

காலை 8.30. கிளம்பும்போது மாமா வெளியே வந்தார். நஸீமா படத்தைக் காட்டினாள். அவர் விரல்களை எண்ணினார். சரியாக இருந்தது.

"அந்த வெளையாட்டுல யாரு செயிச்சா யாரு தோத்தான்னு எப்பிடிப் பாப்பீங்க?" என்று கேட்டார்.

"தாயக்கட்ட போடுவோம் மாமா."

"அது நீங்களே போட்டு நீங்களே பாக்குறது. முனிகிட்ட வந்தா தாயக்கட்ட வேணாம். பூவக் கேக்கச் சொல்லு." பிறகு கொஞ்சம் தயங்கினார். "எம்பேரு வருமா?"

"வரும். விளக்கு வைக்கிறவர் கணேசன்னு."

"சின்னதாப் போடு. அவரு பேருக்குக் கீழ."

பஸ்ஸில் கஹவத்தை வரும் வரை எழுதினேன். உயிர் 90 என்பதை அழித்தேன். பேனாவால் எழுதியிருந்ததால் அழியவில்லை. கோடு போட்டேன். கீழே எழுதினேன்: ரோதைமுனி எதிரே வந்தால் தாயக்கட்டையைக் கீழே வைக்கவும். வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, இரண்டு பொட்டலம். கேள்வி தெரியாத ஆள் எடுக்கட்டும். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கக் கூடாது.

பெல்மதுளையில் சிக்னல் வந்தது. டீச்சருக்குப் போன் எடுத்து விஷயம் சொன்னேன்.

"உயிருக்கு எண் இல்லாமலா?" என்றார். "ராஜி, நானூத்திச் சொச்சம் பேருக்கும் அந்தக் கட்டம் நெறஞ்சிருக்கு. இவருக்கு மட்டும் வெறுமையா இருந்தா அச்சுல விட்டுப்போச்சுன்னு நெனைப்பாங்களே."

"வேணும்னுதான் விட்டதுன்னு எழுதிப் போடுங்க டீச்சர்."

"அந்தப் பூ விசயத்த நாளைக்கு ஆடிப் பாப்போம். சரியா வந்தா நாலு பக்கமும் உங்களுக்குத்தான்" என்றார்.

இரத்தினபுரியில் இறங்கி மத்தியானம் சாப்பிட்டோம். பஸ் கேகாலை வரும்போது மாலை 4.20. இங்கே எங்கள் ரப்பர் தோட்டத்தில் ரோதை கிடையாது. மரமும் கத்தியும் பால் பிடிக்கிற சிரட்டையும்தான். கத்திக்கு ஒரு முனி இருக்கிறாரா என்று நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டும்.

ஞாயிறு பகல் 2.00. வாசிப்பு அறை. ஐந்து பேர். கதையில் ஒரு பாழடைந்த ஸ்டோர். உள்ளே இருட்டில் ரோதை தானாகச் சுற்றுகிறது. அதன் பின்னால் புதையல்.

"என்னா செய்றீங்க ராஜி?" என்றார் டீச்சர்.

கை நீட்டி எடுக்கலாமா என்று மனதுக்குள் கேட்டேன். இரண்டு பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, வாசிப்பு அறையைக் கூட்டுகிற மல்லிகாவைக் கூப்பிட்டோம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தாயக்கட்டைக்கு இப்படி ஒரு நாளும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததில்லை.

டீச்சர் பிரித்தார். சிவப்பு.

புதையலை விட்டுவிட்டு என் வீராங்கனை வெளியே வந்தாள். பத்து விரலோடு. டீச்சர் பேனாவை எடுத்து, நான்கு பக்கத்துக்கும் மேலே என் பெயரை எழுதினார்.