மாதக் கட்டணம் பேசியது நான்தான்

இன்று படப்பை ஷேர் ஆட்டோவில் வரும்போது பேத்தி மாலதிக்கு போன். அவள் சாப்பாட்டு டோக்கன் சாப்ட்வேர் செய்து கொடுத்த ஒரகடம் கம்பெனி கேன்டீன்காரர், ஸ்பீக்கரில் பேசினார்.

"டோக்கன் வரலம்மா. சின்ன வேலதான், பாத்துக் குடேன்."

போனைப் பிடுங்கினேன். "பொங்கலுக்கு ஒரு சின்ன வேல. எங்க வூட்டுக்காரர் காரியத்தன்னிக்கும் ஒரு சின்ன வேல. எல்லாம் ஓசி. நான் மறக்கல. இனிமே மாசாமாசம் துட்டு குடு!"

"தர்றேன் ஆயா. ஆனா எந்த ஷிப்ட்ல கூப்டாலும் எடுக்கணும்."

"எடுப்பா, எடுப்பா" என்றேன் வீறாப்பாக.

மாலதி தலையில் கைவைத்தாள். "மாசத்துக்கு எத்தினி மணி நேரம்னு பேசாம மாட்டி வுட்டுட்டியே, ஆயா!"

வீடு வருவதற்குள் அவரிடமிருந்து மூன்று போன். மூன்றும் சின்ன வேலை.

இதிலிருந்து அவளை மீட்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னைத் திட்டுகிறவர்களும் திட்டலாம். பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வேன்.