வெயில் படாமல் வளர்த்த மகள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ராகலையில் இன்று எனக்குச் சொந்தமாக மரக்கறிக் கடையும் இரண்டு லொறியும் உண்டு. என் மனைவி வெயிலில் தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்தவள். மகள் மீது வெயில் படவே கூடாது என்று வைராக்கியம் வைத்தேன்.

பன்னிரண்டு வயதில் அவளுக்குச் சீனி வியாதி வந்தது. தினமும் இன்சுலின் ஊசி. அதன் பிறகு பள்ளிக்கூடத்தைத் தவிர எங்கும் விடவில்லை, அதற்கும் வேன்தான். இப்போது பத்தொன்பது வயது. கால் வலிக்கிறது என்று சொன்னால், "ஒக்காந்து சாப்பிடுற ஒடம்பு அப்படித்தான்" என்பேன்.

போன மாதம் இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு கூடியிருந்தது. விட்டமின் டி மிகவும் குறைந்திருந்தது.

"வெயில்ல நிக்கிறதே இல்லையா?" என்று டொக்டரம்மா கேட்டார்.

"எம் மக வெயிலே பாத்ததில்லீங்க" என்றேன், பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. "கால் வலி அதனாலயும் இருக்கலாம். மாத்திரை தாறேன். தினமும் வெளிய நடக்க விடுங்க. நடந்தா சீனிக்கும் நல்லது."

அப்போது மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, என்னைய வீட்டுக்குள்ள வெச்சது நான் கறுத்துருவேன்னா, இல்ல ஊசி போடுறது ஊருக்குத் தெரிஞ்சிரும்னா?"

நான் மாத்திரைச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

இப்போது காலையில் தேயிலைத் தோட்ட ரோட்டில் தனியாக நடக்கிறாள். யாராவது கேட்டால், "எனக்குச் சீனி, ஊசி போடுறேன்" என்று அவளே சொல்லிவிடுகிறாளாம். பேச்சில் யாருக்கும் தோற்காதவன் நான். அவளுடைய அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.