மொய்யாக வந்த கூப்பன்கள்

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மரவள்ளி ஏற்றிப் போகும் வேன் அவருடையது. ஊரில் யாருக்கு மருந்து வேண்டுமென்றாலும் அவரிடம்தான் சொல்லிவிடுவார்கள்.

தியாகதுருகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர் அவரை ஆஃபர் ஆப் ஒன்றில் சேர்த்துவிட்டார். அதில் ஒரு நாளைக்கு ஒரு பொருள்தான் பாதி விலையில் கிடைக்கும். இன்று குக்கர், நாளை பிரியாணி, மறுநாள் அழகு நிலையம். முன்பணம் கட்டினால் கூப்பன் வரும், அதைக் கடையில் கொடுக்க வேண்டும். உறுப்பினர்கள்தான் வாங்கலாம். ஆள் சேர்த்தால் கமிஷன், அவர்கள் சேர்க்கும் ஆட்களிடமிருந்தும் பங்கு. மாமா எங்கள் ஊரையே சேர்த்தார். போன் இல்லாதவர்களுக்குக் கூப்பனை அச்செடுத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலில் குக்கர்கள் ஒழுங்காக வந்தன. அதைப் பார்த்து ஆட்டை விற்றுச் சேர்ந்தவர்களும் உண்டு.

என் கல்யாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் தன் செலவு என்றார் மாமா. வரவேற்பன்று மதியம் அக்காவும் அவரும் என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனார்கள். கழுத்தில் துண்டு கட்டி என்னை நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் மாமா கூப்பனை நீட்டினார். அழகு நிலையத்து அம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"அந்தக் கம்பெனிக்காரன் எங்களுக்கே ஒண்ணும் குடுக்கல. ஆபீஸப் பூட்டிக்கினு போயிட்டான். காசு இருந்தா உக்காரு, இல்லாட்டி ஏந்துரு."

என் கழுத்துத் துண்டை அவளே உருவிக்கொண்டாள். மாமா நண்பருக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டார். அவன் எடுக்கவில்லை. வந்த கமிஷனையெல்லாம் மாமா அந்த ஆப்பிலேயே போட்டிருந்தார்.

கச்சிராயபாளையம் மண்டபத்தில் அக்கா பூசிவிட்ட பவுடரோடு மேடை ஏறினேன். அதற்குள் விஷயம் பஸ் ஏறி மலைக்குப் போயிருந்தது. சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்று மொய்க் கவர் கொடுத்தார்கள்.

மைக்கில் மொய் வாசித்தவர் பெரியப்பா. முதல் கவரைப் பிரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். யாரோ படிக்கச் சொன்னார்கள்.

"பொண்ணுக்குச் சித்தப்பா. ஃபேஷியல், பாதி வெல."

மண்டபமே சிரித்தது. அடுத்த கவரில் பிரியாணி. அதற்கடுத்ததிலும் பிரியாணி. போகப் போகப் பெரியப்பாவுக்கே ருசி கண்டுவிட்டது, இழுத்து இழுத்து வாசித்தார். மொய்யை நம்பிச் சமையல்காரரை அமர்த்தியிருந்த அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பந்தியில் மாமா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வரும்போது ஒவ்வொருவராக இலையைக் கையால் மூடினார்கள்.

அக்கா பெரியப்பாவிடம் போய், "போதும் பெரிப்பா" என்றாள்.

"உன் வூட்டுக்காரன நம்பி வாங்கனதும்மா. செல்லாதா?" என்று அவர் மைக்கிலேயே கேட்டார்.

என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையும் சிரித்தார்.

விடிந்து தாலி கட்டும்போது மாமா இல்லை. பெங்களூரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வேனை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மலையில் யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் அக்கா கோமுகி அணைப் பக்கம் கரும்பு வெட்டுகிறாள்.

அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடம் என் கணவர் இந்தக் கதையைச் சொல்வார். பெரியப்பா குரலிலேயே சொல்லிக் காட்டுவார். நன்றாகத்தான் சொல்கிறார்.