ஸ்டெல்லாவின் எஃகு

விடிவதற்கு முன் பாலக்காட்டில் ஏறிப் பொள்ளாச்சியில் பஸ் மாறினேன். பக்கத்து இருக்கைக்காரர் என் மெல்லிய சட்டையைப் பார்த்து, "ஏனுங்க, மூணாறுக்கு இப்படியேவா போறீங்க? குளுரு சும்மா உடாதுங்க" என்றார். எனக்குப் பயம் குளிரைப் பற்றி இல்லை.

உடுமலை, மறையூர் வழியாக மூணாறு சேர நண்பகல் தாண்டியது. அங்கிருந்து சின்னக்கானலுக்கு ஜீப்; நூறு ரூபாய். "ஸ்டெல்லா டீச்சரையா பாக்கப் போறிய? கணக்குத் தப்பாப் போட்டா மேனேஜர் மவனையும் விடமாட்டாவ" என்றார் ஓட்டுநர்.

ஸ்டெல்லா சின்னக்கானல் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள். பத்து ஆண்டுகளுக்கு முன் ஆய்வகத்தில் என்னிடம் வேலை பார்த்தவர். அணுக்கரு இணைவு உலையின் சுவருக்கு எஃகு செய்துகொண்டிருந்தோம். அந்த வெப்பத்தில் சாதாரண எஃகு தளர்ந்துவிடும். அதனால் எஃகுத் தூளோடு இட்ரியம் ஆக்சைடைக் கலந்து, ஆர்கான் வாயு நிரப்பிய குடுவையில் இரண்டு நாள் உருட்டி அரைப்போம். நடுவில் காற்றுப் பட்டால் தூள் கெட்டுவிடும். ஸ்டெல்லா புதிதாக ஒரு கலவை போட்டிருந்தார். பதம் பார்க்கும் ஆசையில், அவர் சாப்பிடப் போயிருந்தபோது நான் மூடியைத் திறந்தேன். அந்தத் தூளில் செய்த எஃகு சோதனையில் ஒரே அடியில் நொறுங்கியது. கலவை தவறு என்றார்கள் எல்லாரும். நான் பேசாமல் இருந்தேன். அவர் வேலையை விட்டு ஊருக்கு வந்து டீச்சராகிவிட்டார்.

ஜீப்பை விட்டு இறங்கினேன். வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா, "சார்! வழி தப்பி வந்துட்டியளா?" என்று சிரித்தார். பாலில்லாத கட்டன்சாயா வந்தது. குடிப்பதற்கு முன்பே, மூடியைத் திறந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பத்து வருசமா அந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டேன் சார். தப்பு எங்கன்னே தெரியல." பிறகு, "அப்போ என் கலவை சரியா?"

"தெரியாதும்மா. அதை ஒழுங்காகச் சோதிக்கவே இல்லை."

"இப்போ அங்க அதை யாரும் செய்யுதாவளா?"

"நொறுங்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்; அவர் விடவில்லை. "அது கெடக்கட்டும். போனை எடுங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க."

வீட்டில் சிக்னல் இல்லை. ஊரே போய் நின்று பேசும் மேட்டு வளைவுக்குத் தேயிலைச் செடிகளின் நடுவே என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். "வழுக்கும் சார், பாத்து." ஆய்வகத்தின் இப்போதைய தலைவரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"மறுபடி அரைத்துப் பார்க்கிறோம் சார். கலவை அளவு வேண்டுமே?" என்றார் அவர்.

போனை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். கண்களை மூடிக்கொண்டு அவர் சொல்லத் தொடங்கினார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். மறுத்தார், விளக்கினார், ஒருமுறை கோபப்பட்டார்.

கீழே கடைசி ஜீப் ஹாரன் அடித்தது. இருங்க என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு மறுபடி பேச்சில் இறங்கினார். போனைக் கேட்க மனம் வரவில்லை. அதை அவரிடமே விட்டுவிட்டுப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.