மூக்குத்தியை விழுங்கிய ஆப்

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அம்மாவும் அப்பாவும் சேந்து நிக்கற மாதிரி மண்டபத்து வாசல்ல ஒரு பேனர் வேணுங்கக்கா."

அம்மா போய்ச் சில வருடங்களாகின்றன. அவர்களுடைய கல்யாண போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது. கல்யாணத்துக்கப்புறம் அப்பா அம்மாவோடு நின்று ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு வெட்கம். கேமராவைக் கண்டாலே பந்தியைப் பார்க்கப் போய்விடுவார். அம்மா இருப்பது ஒரு விசேஷத்தில் எடுத்த கும்பல் போட்டோவில் மட்டும்தான்.

உக்கடத்துப் பேனர் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது தேறாதுங்கக்கா" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்ததே கோபம்! யாரைப் பார்த்துத் தேறாது என்கிறார்? போத்தனூரில் வீட்டுக்கு வந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஆப் இலவசம் என்றது. வேலையெல்லாம் முடிந்தபின் அம்மாவின் புடவைமேல் தன் பெயரைக் குறுக்கே போட்டுக்கொண்டது, என்னமோ அவன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி. தூக்கிக் கடாசினேன். அடுத்ததில் எங்கே தொட்டாலும் ரம்மி ஆட வா என்று விளம்பரம். அதுவும் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். ஒரே தட்டுதான், அம்மாவின் முகம் பளபளத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளகோவிலில் இருந்த அப்பாவுக்கு உடனே அனுப்பினேன். அவரிடமிருந்து போன் வந்தது.

"ஆரு கண்ணு இந்தப் பொம்பள?"

"அம்மாதானுங்கப்பா!"

"அட போ அம்மணி. மூக்குத்தி எங்க? அதக் கழட்டி அவள நான் ஒருநாளும் பார்த்ததில்ல."

பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லைதான்! பாழாய்ப்போன ஆப், மூக்குத்தியைப் பரு என்று நினைத்து வழித்துவிட்டிருந்தது. போதாததற்கு அம்மாவை வெள்ளைக்காரியாகவும் ஆக்கியிருந்தது.

பிறகு அழகாக்கும் பொத்தானே இல்லாத ஆப்பாகப் பார்த்துப் பிடித்தேன். அதில் எல்லாம் நம் விரல்தான். நெற்றியோர முடிகூடப் போகாமல் அம்மாவைக் கத்தரித்து, அப்பாவுக்குத் தெரியாமல் தம்பி எடுத்திருந்த படத்தில் அவர் பக்கத்தில் நிறுத்தி, இருவர்மேலும் ஒரே வெயில் விழுகிற மாதிரி வெளிச்சத்தைச் சரிசெய்தேன். மூக்குத்தி ஜம்மென்று மின்னியது. ஜெயித்துவிட்டேன்!

பேனர் கடைக்காரர் வாயைப் பிளந்தார். "எந்த ஆப்புங்கக்கா இது?"

"தேறாதுன்னீங்களே?" என்று அவரைக் கொஞ்சம் நெளிய விட்டுத்தான் சொன்னேன்.

கல்யாணத்தன்று அப்பா மண்டப வாசலில் பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். தம்பியும் நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாலு பேரு வர்ற எடத்துல இப்பிடியா ஒட்டி நிக்கறது? கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாமில்ல கண்ணு" என்றார்.

சொல்லிவிட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டு, அம்மா இருந்த பக்கமாகப் போய் நின்றார். தன் போனை என்னிடம் நீட்டினார்.

"எங்கள ஒரு போட்டோ எடு. மூக்குத்தி தெரியோணும்."