மேடை நிறைய மிட்டாய்

தன் கல்யாண வரவேற்புக்குப் பூ அலங்காரம் வேண்டாம், மேடை முழுக்க மிட்டாய்தான் தொங்க வேண்டும் என்று சித்தி சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்னாடி பேசிக்கினு இருக்க? கல்யாணமா, பொறந்த நாளா?”

சித்தி அம்மாவின் தங்கை. குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கி, மந்தாரக்குப்பத்தில் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தாள். முப்பதைத் தாண்டிய பிறகுதான் வரன் கூடி வந்தது. மாப்பிள்ளைக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை. அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள் இருந்தாள். இதையெல்லாம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அதனாலேயே எனக்கு ஒன்று விடாமல் கேட்டது.

“புள்ளைங்களுக்குப் பிடிக்கும்க்கா,” என்றாள் சித்தி.

நான் அப்போது நான்காம் வகுப்பு. எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு பிள்ளை கிடையாது. ஆகவே இந்த ஏற்பாடு எனக்காகத்தான் என்று நானே முடிவு செய்து, எங்கள் பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக் கூடம் கூடமாக இல்லை. தெர்மகோல் உருண்டைகளைக் கலர் கண்ணாடித் தாளில் சுற்றி, இரண்டு பக்கமும் முறுக்கி, பூசணிக்காய் அளவு மிட்டாய்கள் செய்தாள் சித்தி. ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா யூனிஃபார்ம்கூட மாற்றாமல் உட்கார்ந்து முறுக்கிக் கொடுத்தார். வேலையில் அவர் நட்டு முறுக்குகிற பழக்கமோ என்னவோ, பாதித் தாள் கிழிந்தது. ஆரஞ்சு மிட்டாயையும் பச்சை மிட்டாயையும் காகிதத்தோடு நூலில் கட்டிச் சரமாக்குவது என் பொறுப்பு. சாக்லேட்டும் வாங்கியிருந்தோம். அது மே மாத வெயிலில் உருகிவிட்டதால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எறும்பு வராமலிருக்க அம்மா சுற்றிலும் மருந்துக்கோடு போட்டாள், திட்டிக்கொண்டே.

காலையில் கோயிலில் தாலி கட்டி முடிந்தது. மாலை டவுன்ஷிப் மண்டபத்தில் வரவேற்பு. விளக்கு போட்டதும் சரங்கள் மின்னின. மூக்கின் மேல் விரல் வைத்தவர்கள்கூட அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய், எந்தச் சரம் நான் கட்டியது என்று காட்டினேன்.

மாப்பிள்ளையின் மகள் மட்டும் மேடைக்கு வரவில்லை. நீல கவுன் போட்டு, தன் அத்தையின் புடவையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். யார் கூப்பிட்டும் அசையவில்லை. பிறகு அத்தை யாரிடமோ பேசத் திரும்பிய நேரத்தில், தனியாக நடந்து மேடைக்கு வந்து, என் சரத்தில் ஒரு மிட்டாயைப் பிடித்து இழுத்தாள். சரம் முழுவதும் அறுந்து கொட்டியது.

“ஏ பாப்பா, என்னா செய்யிற?” என்று ஒரு பெரியம்மா ஓடி வந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சித்தி நாற்காலியிலிருந்து எழுந்து, பட்டுப்புடவையோடு அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. பச்சையை ஒதுக்கிவிட்டு ஆரஞ்சை மட்டும் பொறுக்கிக் கவுனில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆரஞ்சுதான் பிடிக்குமாடா?”

“எனக்கில்ல. எங்கம்மாவுக்கு.”

சித்தி தன் முந்தானையை விரித்தாள்.

“அம்மாவுக்கு நெறைய எடுத்துக்கினு போலாம். இதுலயும் போடு.”

அவள் முதல் முறையாகச் சித்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போட்டாள். இன்னொரு சரத்தைச் சித்தியே எட்டி அறுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்த மற்றப் பிள்ளைகளும் மேடையில் ஏற, சற்று நேரத்தில் அலங்காரம் என்று சொல்ல எங்கள் அப்பா முறுக்கிய உருண்டைகள்தான் மிஞ்சின. மாலையும் கழுத்துமாகத் தரையில் உட்கார்ந்திருந்த சித்தியின் மடியில் அந்தப் பெண் சாய்ந்துகொண்டு, பொறுக்கியதை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையைத் தேடினேன். மேடையின் ஓரத்தில், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கைக்குட்டையால் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. எனக்கு என் கோபம் மறந்துபோயிற்று. இவ்வளவு பெரிய ஆள், தன் கல்யாண மேடையைக் கலைத்துவிட்டார்களே என்று இப்படி அழுகிறாரே என்று மிகவும் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

“அழுவாதீங்க சித்தப்பா. உள்ள இன்னும் ஒரு மூட்டை மிட்டாய் இருக்கு. திரும்பக் கட்டிடலாம்.”